நாற்பத்து மூன்று கோரையும் அக்காவின் லத்தீனும்

கிளட்சை மிதி என்றால் பிரேக்கை மிதிக்கிற ஒருவருக்குப் பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பின்சீட்டில், வேலைக்குப் போகிற என் அக்கா, மடியில் சாப்பாட்டுப் பையோடு, "ஃப்ளோஸ், ஃப்ளோரிஸ், ஃப்ளோரி, ஃப்ளோரெம், ஃப்ளோரே" என்று ஓதிக்கொண்டு வருகிறாள். வண்டி நாற்சந்தியின் நட்டநடுவில் நின்றுவிட்டது. பின்னால் ஹாரன் காதைப் பிளக்கிறது. ஓட்டப் பழக வந்த வங்கி ஊழியர் வியர்த்து வழிந்துகொண்டு என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், பின்னாடி அவங்க எனக்காகத்தான் வேண்டிக்கிறாங்களா?"

"நீங்க மொதல்ல நியூட்ரலுக்கு வாங்க சார். அவங்க பூவைப் பத்திப் பேசிட்டிருக்காங்க."

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். இருபத்திரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'பிரேக்கு'. முன்கோபி என்றும் சொல்வார்கள். நாளைக்கு எட்டுப் பேர் உங்களைச் சுவரில் மோதவைக்கப் பார்த்தால் உங்களுக்கும் கோபம் வரும். அக்காவுக்கு அவள் வேலை பார்க்கிற இடத்தில் 'பசையக்கா' என்று பெயர். அவளுக்குக் கோபமே வராது. அதனால் வீட்டில் இருவருக்கும் சேர்த்து நானே கோபப்பட்டுக்கொள்வது வழக்கம்.

அக்காவின் வேலை ஹெர்பேரியத்தில். காடு மேடெல்லாம் அலைந்து பறித்துக் காயவைத்த செடிகளைக் கெட்டித் தாளில் ஒட்டி, இரும்பு அலமாரிகளில் அடுக்கிவைத்திருக்கும் இடம். உள்ளே காலை வைத்ததுமே அந்துருண்டை வாசனை மூக்கில் ஏறும். அக்கா அங்கே ஒட்டுகிறவள். செடியின் முதுகில் பசை தடவித் தாளில் படுக்கவைப்பாள். தண்டின் குறுக்கே மெல்லிய துணிப்பட்டைகளை ஒட்டுவாள். கீழே வலது மூலையில் ஒரு சீட்டு: செடியின் எண், பறித்த இடம், பறித்த நாள். மேல் மூலையில் ஒரு சின்னக் காகித உறை. ஒட்டும்போது உதிர்கிற விதை, இதழ், தூசு போன்ற துணுக்கு எல்லாம் அந்த உறைக்குள் போக வேண்டும், எதையும் ஊதித் தள்ளக் கூடாது. முப்பத்து நான்கு வருடத்தில் இருபதாயிரம் தாளுக்கு மேல் ஒட்டியிருக்கிறாள். ஒரு தாளில்கூட அவள் பெயர் கிடையாது.

அந்த அறையில் ஒரு சட்டம் உண்டு. ஒட்டாத சீட்டு மேசையில் இருக்கும்போது விசிறி ஓடக் கூடாது. வெயில் மண்டையைப் பிளந்தாலும் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளத்தான் வேலை. இந்தச் சட்டம் எனக்குத் தெரியாது. எனக்கு அப்போது வயது பதினேழு. வீட்டுச் சாவியை வாங்கிப்போகலாம் என்று ஒரு மத்தியானம் அங்கே போனேன். அக்கா கை கழுவப் போயிருந்தாள். அறை அடுப்பு மாதிரி இருந்தது. சுவரில் சுவிட்ச் கண்ணில் பட்டது, போட்டுவிட்டேன்.

நீள மேசைகளில் நாற்பத்து மூன்று தாள்களைப் பரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு காய்ந்த கோரையையும் அதன் மேல் அதற்கான சீட்டையும் வைத்திருந்தாள். செடிகளை எண் எழுதி வைத்திருந்த பழைய காகிதங்கள் மட்கிப்போய்விட்டதால் அவற்றைக் குப்பைக்கு அனுப்பியாகிவிட்டது. விசிறி ஒரு சுற்றுதான் சுற்றியிருக்கும். நாற்பத்து மூன்று சீட்டும் பறந்தன. நானும் அக்காவும் தரையில் மண்டியிட்டுப் பொறுக்கினோம். அவள் என்னைத் திட்டவில்லை. சாவியைக் கொடுத்து, "நீ வீட்டுக்குப் போ" என்றாள், அவ்வளவுதான். சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு நானும் போய்விட்டேன். பதினேழு வயதில் எல்லாமே சரியாகிவிடும்.

முப்பத்தோரு வருடம் கழித்து, அக்கா ஓய்வு பெறப் பதினோரு மாதம் இருக்கும்போது, அது சரியாகவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அன்று அவளை வேலையிலிருந்து கூட்டிவரப் போயிருந்தேன். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"எல்லாத் தாளையும் போட்டோ எடுத்து இன்டர்நெட்ல போடப்போறாங்களாம். உலகத்துல யார் வேணாலும் பாக்கலாமாம்" என்றாள்.

"நல்லதுதானே. உன் கைவேலை உலகம் பூரா தெரியும்."

"அந்தக் கோரை அலமாரியும் போகுது."

பிறகுதான் கதை வெளியே வந்தது. அன்றைய மேற்பார்வையாளர் வந்து பார்த்திருக்கிறார். 'கோரைதானே, எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு. தோணுறபடி ஒட்டிடு, யார் பாக்கப்போறா' என்றிருக்கிறார். அக்காவும் ஒட்டிவிட்டாள். ஆற்றங்கரையில் பறித்தது மலைச்சுனையில் பறித்ததாக, உப்பங்கழியில் பறித்தது வயல் வரப்பில் பறித்ததாக, நாற்பத்து மூன்றும் பொய் சொல்லிக்கொண்டு அலமாரியில் படுத்திருக்கின்றன. அதை இத்தனை வருடம் ஒரு ஆளிடமும் சொல்லாமல் நெஞ்சில் வைத்துக்கொண்டு, தினமும் அந்த அலமாரியைத் தாண்டித்தான் சாப்பிடப் போய் வந்திருக்கிறாள்.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டேன். "எங்கிட்ட ஏன் சொல்லல? சுவிட்சைப் போட்டது நான்தானே."

"சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்பே?"

"சரி, இப்பவாவது போய் உங்க மேடம்கிட்ட சொல்லு" என்றேன்.

"வெறுங்கையோட போய்ச் சொன்னா நாப்பத்து மூணையும் கழிச்சிடுவாங்க. எங்க பறிச்சதுன்னு தெரியாத செடி இங்க வெறும் புல்லு. பறிச்சவர் எழுதின நோட்டு இருக்கு. நம்பர் போட்டு ஒவ்வொரு செடியும் எப்படி இருக்கும்னு எழுதிவெச்சிருக்கார். அதைப் படிச்சா எந்தச் சீட்டு எந்தச் செடிக்குன்னு கண்டுபிடிச்சிடலாம்."

"அப்போ படி."

"லத்தீன்ல இருக்குடீ."

நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் இருந்த வைத்தியர் அவர். ஊர் ஊராகப் போய்ச் செடி பறிப்பதைப் பொழுதுபோக்காக வைத்திருந்தார். நாங்கள் அவருக்குக் 'கோரைக்காரர்' என்று பெயர் வைத்தோம். அவர் கையெழுத்து கோழிக்கிறுக்கல். ஹெர்பேரியத்தில் இருப்பவர்களுக்குச் செடியின் லத்தீன் பெயர்கள் அத்துப்படி, ஆனால் அதற்கு மேல் ஒரு வரி படிக்கத் தெரிந்தவர் யாருமில்லை. அக்கா எடுத்துவந்த நோட்டு நகலின் ஒரு பக்கத்தை நான் போனில் படம் பிடித்து மொழிபெயர்க்கச் சொன்னேன். 'என் சட்டையில் குதிரை மூன்று' என்றது. அக்கா என்னைப் பார்த்தாள், நான் போனை உள்ளே வைத்துவிட்டேன்.

"தப்பா ஒட்டினது என் கை. படிச்சுச் சரிபண்றதும் என் கையாவே இருக்கட்டும்" என்றாள்.

ஐம்பத்தேழு வயதில். எனக்கு அவள் மேல் இரக்கம்தான் வந்தது, பொய் சொல்லவில்லை. ஹெர்பேரிய நூலகத்தில், செடியை விவரிப்பதற்கு வேண்டிய லத்தீனை மட்டும் சொல்லித்தரும் தொண்ணூறு பக்கப் புத்தகம் ஒன்று இருந்தது. அது இங்கிலீஷில் இருந்தது. அக்காவின் இங்கிலீஷ் பத்தாம் வகுப்போடு நின்றுபோனது. ஆக, லத்தீன் படிக்க இங்கிலீஷ், இங்கிலீஷ் படிக்க அகராதி. ஒரு மாதத்தில் மூட்டை கட்டிவிடுவாள் என்று அத்தானிடம் சொன்னேன். அத்தான் காய் நறுக்கிக்கொண்டே, "அவ மூட்டை கட்டி நான் பாத்ததில்லை" என்றார்.

முதல் வாரமே அவள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். காரில் ஏறியதும், "ஐ, ஆல், கு, இன், அது, கண் ஞாபகம் இருக்கா?" என்றாள்.

பள்ளிக்கூடத்தில் அதை ஒப்பிக்கத் தெரியாமல் பெஞ்சு மேல் ஏறி நின்றவள் நான், மறக்குமா?

"அதேதான்டீ இங்கயும். பூ, பூவோட, பூவுக்கு, பூவை, பூவால. சொல்லுக்கு முன்னாடி ஒண்ணும் கிடையாது, எல்லாம் வால்ல ஒட்டிக்கிட்டிருக்கு. நம்மகிட்ட எட்டு வேற்றுமை, அவங்ககிட்ட ஆறுதான். பயப்பட வேண்டியது அவங்க."

பிறகுதான் சிக்கல் தெரிந்தது. நம் பேச்சில் மரமோ மாடோ எதுவானாலும் அதே 'ஐ', அதே 'கு'. லத்தீனில் பெயர்ச்சொற்கள் ஐந்து கூட்டம், கூட்டத்துக்குக் கூட்டம் வால் வேறு. நமக்கு ஒரே சாவி, அங்கே ஐந்து கொத்து. அது போதாதென்று எல்லாவற்றுக்கும் ஆண், பெண், இரண்டும் இல்லை என்று பிரிவு. பூ ஆணாம், வேர் பெண்ணாம், இலை இரண்டும் இல்லையாம். வெள்ளை, நீளம் என்று எதைச் சொன்னாலும் அதுவும் பூவுக்கு ஒரு மாதிரி, வேருக்கு ஒரு மாதிரி மாற வேண்டும். இதைக் கேட்ட அத்தான், "அப்போ என்னை இலைல சேத்துக்கோ. இந்த வீட்ல எனக்கும் தனியா ஒரு பக்கம் கிடையாது" என்றார்.

பசையக்கா பசையக்காவாகவே படித்தாள். சொல்லின் தலையைக் கெட்டி அட்டையில் எழுதினாள். வால்களைத் துணிப்பட்டைகளில் எழுதினாள், கூட்டத்துக்கு ஒரு நிறம். தலையோடு வாலை வைத்து வைத்துப் பார்ப்பாள். நோட்டில் இருக்கும் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு தாள். லத்தீன் வரியை மேலே எழுதி, ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழை நேர் கீழே எழுதுவாள். பொருள் பிடிபடாத சொல்லையோ வாக்கியத்தில் உட்கார மறுக்கும் சொல்லையோ துண்டுக் காகிதத்தில் எழுதி, தாளின் மேல்மூலை உறைக்குள் போடுவாள். உறை காலியானால்தான் அந்தத் தாள் முடிந்த கணக்கு. குத்துமதிப்பாக அர்த்தம் புரிந்துவிட்டால் மேலே போக வேண்டியதுதானே என்று நான் கத்துவேன். "ஒரு சொல் மிச்சமிருந்தா நான் ஏதோ தப்பாப் படிச்சிருக்கேன்னு அர்த்தம்" என்பாள். எட்டாம் எண்ணின் உறையில் ஒரே ஒரு துண்டு இரண்டு மாதம் கிடந்தது. அவளும் விடவில்லை, அதுவும் விடவில்லை.

கேள்வி கேட்பது என் வேலை. சிக்னலில் நிற்கும்போது, "தண்டு, முக்கோணம், இதோடு சேத்து" என்பேன். பின்சீட்டிலிருந்து "குல்மோ த்ரிக்வெட்ரோ" என்று வரும். முக்கோணத் தண்டோடு. "கதிர்கள், பழுப்பு, இதுங்களோடு" என்பேன், அதுவும் வரும். வங்கி ஊழியர் லைசென்ஸ் வாங்கும்போது லத்தீனில் இலைக்கு என்ன சொல்வது என்று அவருக்கும் தெரிந்திருந்தது. மூன்று பெண்கள் மட்டும் இந்த வண்டியில் பழக மாட்டோம் என்று வேறு இடம் போய்விட்டார்கள். போகட்டும், அவர்களுக்கு ரிவர்ஸ் கடைசிவரை வராது.

ஆறு மாதத்தில் முப்பத்து மூன்று கோரைக்குச் சீட்டு கிடைத்துவிட்டது. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் அவள் தன் மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு அலமாரியைத் திறந்து, பூதக்கண்ணாடியில் ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். கதிர் எத்தனை, செதில் எந்த நிறம், தண்டு மூன்று பட்டையா உருண்டையா. மீதிப் பத்தும் அச்சு அசலாக ஒன்றே போல இருந்தன. அவற்றைப் பற்றி எழுதியிருந்த விவரமும் ஒன்றே போல இருந்தது. ஆனால் அந்த விவரத்துக்குக் கீழே, பொடி எழுத்தில், இன்னும் ஓரிரு வரி இருந்தது. அந்தச் சொற்கள் தொண்ணூறு பக்கப் புத்தகத்தில் எங்கேயும் இல்லை. பத்து உறையும் பிதுங்கின.

"ஏன் தெரியுமா?" என்றாள் ஒரு நாள். அவள் குரல் உள்ளே போயிருந்தது. "அந்தப் புத்தகத்துல வினைச்சொல்லே கிடையாது. செடியை விவரிக்க வினை வேண்டாமாம். இலை இப்படி, பூ அப்படி, அவ்வளவுதான். இவர் கீழ எழுதியிருக்கிறது செடியைப் பத்தி இல்லடீ. என்ன பண்ணார், என்ன நடந்தது, அதெல்லாம்."

"அப்போ?"

"வினை படிக்கணும்."

பழைய புத்தகக் கடையில் பள்ளிக்கூட லத்தீன் இலக்கணம் ஒன்று கிடைத்தது. நான் புரட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு வினைச்சொல்லுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட உருவம், பக்கம் பக்கமாகக் கட்டம் போட்டு அச்சடித்திருந்தார்கள். இன்னும் ஐந்து மாதம்கூட இல்லை. "முப்பத்து மூணு போதும்கா, இதோட போய்ச் சொல்லிடு" என்று கெஞ்சினேன். நான் கெஞ்சுவது அபூர்வம். அவள் முதல் கட்டத்தைத் துணிப்பட்டையில் எழுதிக்கொண்டிருந்தாள்.

பட்டைகள் பெருகின. சாப்பாட்டு மேசையில் சாப்பாடு வைக்க இடமில்லாமல் போனது. நான், நீ, அவன், நாம் என்று சொல்வதற்கு லத்தீனில் தனிச்சொல் தேவையில்லை, வினையின் வாலிலேயே ஆள் உட்கார்ந்திருப்பார் என்று தெரிந்த அன்று அவள் சின்னப் பெண் மாதிரி சிரித்தாள். வந்தேன் என்றாலே நான்தானே, இதென்ன பெரிய அதிசயம் என்று எனக்குத் தோன்றியது. இங்கிலீஷ் வழியாகத் திணறிக்கொண்டு போனவளுக்குத்தான் அது தெரியும். இனி இங்கிலீஷை நடுவில் நிறுத்த வேண்டாம் என்று அன்றோடு முடிவு செய்தாள்.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் ஹெர்பேரிய வாசலில் நான் அடுத்த ஆளுக்காகக் காத்திருக்கும்போது அவள் வேகமாக வெளியே வந்தாள். ஓடி நான் பார்த்திராதவள், ஏறக்குறைய ஓடிவந்தாள். கார்க் கண்ணாடியைத் தட்டி, "உள்ள வா" என்றாள்.

முப்பத்தோரு வருடத்துக்குப் பிறகு அந்த அறைக்குள் போனேன். அதே மேசைகள், அதே புழுக்கம். விசிறி நின்றுகொண்டிருந்தது, நான் அதன் பக்கம் திரும்பவேயில்லை. மேசையில் ஒரு கோரைத் தாள். பக்கத்தில் அவளுடைய தாள், நான்கு லத்தீன் சொல், நான்கு தமிழ்ச் சொல்.

"பாலா ஃப்ராக்டா குல்ட்ரோ செகூயி" என்று விரலை வைத்து வாசித்தாள். "மண்வெட்டி உடைய, கத்தியால் அறுத்தேன்."

"சரி."

"இப்போ வேரைப் பாரு."

குனிந்து பார்த்தேன். மற்ற ஒன்பதும் வேரும் மண்ணுமாகத் தோண்டி எடுத்தவை. இதற்கு வேரே இல்லை. தண்டின் அடி சாய்வாக, ஒரே வீச்சில் அறுபட்டிருந்தது.

நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால், எங்கோ ஒரு சேற்றில், ஒரு மனிதரின் மண்வெட்டி உடைந்திருக்கிறது. அவர் எரிச்சலில் கத்தியை எடுத்திருக்கிறார். அதை நாலு சொல்லில் எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார். பேச ஆளில்லாத பாஷையில் அவர் எழுதிய நாலு சொல், ஒன்று கூடாமல் ஒன்று குறையாமல் தமிழில் நாலு சொல்லாக வந்து நிற்கிறது. அதைக் கொண்டுவந்து நிறுத்தியவள் பத்தாவது படித்த என் அக்கா. சேற்று வாசனைகூட வந்த மாதிரி இருந்தது. அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது, ஆனால் தாள் கசங்கிவிடும் என்று தள்ளியே நின்றேன்.

அதற்குப் பிறகு கோரைக்காரர் தினமும் எங்களோடு காரில் வந்தார். ஓரிடத்தில் 'காகிதம் தீர, மூன்றாக மடித்தேன்' என்றிருந்தார். மூன்று மடிப்புத் தடம் உள்ள கோரை கிடைத்தது. ஓரிடத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் காயவைத்து நுனியைக் கருக்கிக்கொண்டதாகத் தன்னைத்தானே திட்டியிருந்தார். நுனி கருகியதும் கிடைத்தது. அப்படியே எட்டுக் கோரைகள் தத்தம் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. எட்டு உறை காலி.

மீதி இரண்டு. முப்பதாம் எண்ணும் முப்பத்தொன்றாம் எண்ணும். அந்த உறைகளும் காலிதான், எல்லாச் சொல்லும் வாக்கியத்தில் உட்கார்ந்துவிட்டன. ஆனால் முப்பத்தொன்றுக்கு அவர் பொடி எழுத்தில் எழுதியிருந்தது, 'எல்லா வகையிலும் முந்தையதைப் போலவே' என்று மட்டும்தான். அன்று அவருக்குச் சோம்பலோ காய்ச்சலோ, யார் கண்டது. ஒரு சீட்டு மலைச்சுனை என்றது, இன்னொரு சீட்டு உப்பங்கழி என்றது. இரண்டு கோரையும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. அக்கா மூன்று வாரம் பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டுல ஒண்ணு. ஏதாவது ஒண்ணைப் போட்டுத் தொலையேன். பாதிக்குப் பாதி சரியாத்தானே இருக்கும். நாப்பத்தொண்ணைக் கண்டுபிடிச்சவ சொன்னா யார் கேக்கப்போறா" என்று நான் வெடித்தேன்.

"அப்படித்தான் அன்னிக்கும் ஒட்டினேன்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

ஓய்வு பெறப் பன்னிரண்டு நாள் இருக்கையில் அவள் இயக்குநரிடம் போனாள். நானும் போனேன், வேண்டாம் என்று சொல்லியும் போனேன். இயக்குநர் ஐம்பது வயதுப் பெண்மணி, வந்து நான்கு வருடம்தான் ஆகிறது. எதற்கும் முகம் மாறாது. அக்கா நாற்பத்து மூன்று தாளையும் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். நடந்ததை நின்றுகொண்டே சொன்னாள். எதையும் விட்டுவிடவில்லை.

இயக்குநர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு எழுந்து அலமாரியிலிருந்து கோரைக்காரரின் வேறொரு நோட்டை எடுத்து, நடுவில் பிரித்து அக்காவின் முன்னால் வைத்தார். கோரை இல்லாத நோட்டு அது. அக்கா அதைத் தொட்டதே இல்லை.

"இதைப் படிங்க, எப்படிப் படிக்கிறீங்கன்னு பாக்கணும்" என்றார்.

அக்கா உட்கார்ந்தாள். விரல் வரியின் கீழே நகர்ந்தது, நின்றது, பின்னால் போனது, மறுபடி நகர்ந்தது. என் கால் தானாகவே பிரேக்கைத் தேடியது. பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, அவள் வாயிலிருந்து தமிழ் வந்தது.

"மதியம்வரை மழை பெய்ய, ஒன்றும் பறிக்கவில்லை. காகிதமெல்லாம் நனைந்தது. படகுக்காரன் மனைவி தன் அடுப்பில் அவற்றை உலர்த்தித் தந்தாள். இது எதற்கு என்று கேட்டாள். புல்லுக்கு என்றேன். அவள் சிரித்தாள்... இல்ல மேடம், சிரிச்சுக்கிட்டே இருந்தா. முடியாம நீண்டுக்கிட்டே போற சிரிப்பு. வால்ல அப்படித்தான் இருக்கு."

நான் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை. ஆனால் அந்த நிமிஷம் எனக்குக் கை கூப்பத் தோன்றியது. செத்துப்போய் ஒரு நூற்றாண்டுக்கு மேலான ஒருத்தியின் சிரிப்பு இந்த மேசையில் கேட்டது, என் கூடப்பிறந்தவள் வாயால்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டபோது பழைய முகம்தான். "பழைய சீட்டைப் பிரிக்கக் கூடாது. பக்கத்துல திருத்தச் சீட்டு ஒட்டணும். எது சரியான இடம், ஏன் மாறிச்சு, யாரால மாறிச்சு, மூணும் இருக்கணும். கீழ பேர் எழுதிக் கையெழுத்துப் போடணும். உங்க பணிப் பதிவேட்டுல அலட்சியம்னு ஒரு குறிப்பும் நான் எழுதியாகணும். அதைத் தவிர்க்க எனக்கு அதிகாரம் இல்லை" என்றார்.

"அது நியாயம்தான் மேடம்" என்றாள் அக்கா.

எனக்குப் பொறுக்கவில்லை. "என்ன நியாயம்? விசிறியைப் போட்டது நான் மேடம். எழுதுறதா இருந்தா என் பேரை எழுதுங்க. பதினோரு மாசமா இவ முகத்தைப் பாக்க முடியாம வண்டியோட கண்ணாடில பாத்துக்கிட்டிருக்கேன்" என்றேன்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். உண்மையாகவே ஆச்சரியப்பட்ட முகம். "நீ இதையா மனசுல வெச்சுக்கிட்டிருந்தே? பதினேழு வயசுப் பொண்ணு, வேர்த்தா சுவிட்சைப் போடத்தான் செய்வா. கை கழுவப் போறதுக்கு முன்னாடி சீட்டுங்க மேல கனம் வெச்சுட்டுப் போயிருக்கணும். மணல் பை பக்கத்துலயே இருந்தது. வைக்காம போனது நான்."

அவள் என்னைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. முப்பத்தோரு வருடத்தில் ஒரு நாள்கூட அந்த விசிறியை அவள் குற்றமாக நினைத்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. இயக்குநர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளினார்.

பன்னிரண்டு நாளும் அவள் திருத்தச் சீட்டு எழுதினாள். பணிப் பதிவேட்டில் அந்தக் குறிப்பும் ஏறியது. கடைசி நாள் வழக்கம்போல மேசையைத் துடைத்துவிட்டு, சாப்பாட்டுப் பையோடு வந்து பின்சீட்டில் உட்கார்ந்தாள்.

போன வாரம் அந்தத் தாள்களின் படங்கள் இன்டர்நெட்டில் வந்துவிட்டன. ஒரு பயிற்சி முடிந்து அடுத்தவர் வருவதற்குள் வண்டியை நிழலில் நிறுத்திப் போனில் பார்த்தேன். நாற்பத்தொரு தாளிலும் அக்காவின் குண்டுக் கையெழுத்தில் சரியான இடம், காரணம், அவள் பெயர். இருபதாயிரம் தாள் ஒட்டியவளின் பெயர் முதல்முறையாகத் தாளில் ஏறியிருக்கிறது, அதுவும் தப்புக்காக. பிறகு முப்பதையும் முப்பத்தொன்றையும் தேடி எடுத்தேன். இரண்டிலும் ஒரே வாசகம், மேலே தமிழில், கீழே லத்தீனில். 'மலைச்சுனை அல்லது உப்பங்கழி. எது என்று எனக்குத் தெரியாது.'

தோன்றியதை ஒட்டிவிட்டு நிம்மதியாக ஓய்வு பெற்றிருக்கலாம். தெரியாது என்பதைத் தெரிந்துகொண்டு எழுத அவள் ஒரு பாஷையே படித்திருக்கிறாள். அடுத்த ஆள் வந்து கதவைத் திறந்தார். கொஞ்ச நேரம் கழித்து ஆரம்பிக்கலாம் என்று சொல்லிவிட்டு நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.